நான் செய்யாத வேலை

ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுக்கிறவர் ஒரு முனையிலும் வாங்குகிற பிள்ளை மறுமுனையிலும் பிடித்துக்கொண்டு, இருவருமாகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற படம் செய்தித்தாளில் வந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துவைத்துவிட்டுத்தான் பேப்பரை என்னிடம் தருவார். கேலிக்குச் செய்கிறார் என்றாலும் காலை நேரத்தில் அது எல்லோருக்கும் நல்லதுதான்.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாள் வந்தது. மாணவர்களிடம் சேவை மனப்பான்மையையும் ஈகைக் குணத்தையும் வளர்ப்பதற்காக ஆளுக்கொரு பொருள் கொண்டுவர வேண்டுமாம். எல்லோரும் பேருந்தில் ஏறி ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போய் நேரில் கொடுப்பார்களாம். வறுமையைக் கண்ணால் பார்ப்பது பிள்ளைகளைப் பக்குவப்படுத்தும் என்று அடியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் தாளை இரண்டாகக் கிழித்துவிட்டேன். மகள் அழுதாள். கொடுக்காதே என்று சொல்லவில்லை, வேண்டிய மட்டும் கொடு, போய்ப் பார்க்காதே என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டுமென்றால், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். எங்கள் ஊரில் அப்போது இரண்டு வகை அம்மாக்கள் இருந்தார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள் ஒரு வகை, பயர் ஆபீசுக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. பட்டாசுக் கம்பெனியைத்தான் எங்கள் பக்கத்தில் பயர் ஆபீஸ் என்போம். ஆபீஸ் என்றதும் மேசையையும் மின்விசிறியையும் நினைத்துவிடக் கூடாது. கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்று வெடித்தால் மற்றது பிழைக்கட்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை அறைகள்தான் அவை.

அம்மாவுக்கு அங்கே திரி செருகுகிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடும். வந்ததும் அம்மா வீட்டுக்குள் நுழைய மாட்டாள். வெளித்தொட்டியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, வேலைச் சேலையை வெளிக்கொடியில் போட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் என்னைத் தொடுவாள். பசியோடு நிற்கிற பிள்ளைக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிய கொடுமையாக இருக்கும். ஒரு தடவை நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன்.

அம்மா எட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். விடிவதற்கு முன்பே வண்டி வந்து ஹாரன் அடிக்குமாம். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கி வண்டியில் கிடத்திவிடுவார்களாம். மருந்தில் முக்குவதற்காகத் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவது அவள் வேலை. பள்ளிக்கூடத்துக்குள் அவள் முதன்முதலில் கால் வைத்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான். இதையெல்லாம் அம்மா சொன்னதில்லை, அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா சாத்தூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். வாய் ஓயாமல் பேசுவார். அம்மா தன்னைப் பற்றிச் சொல்லாததையெல்லாம் அவர்தான் சொல்வார்.

எங்கள் தெருவில் சாயந்தரமானால் பாதி வீடுகளில் காகிதக் குழாய் சுருட்டுவார்கள். கம்பெனியில் இருந்து ஏஜெண்ட் காகிதமும் பசையும் கொடுத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே சுருட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் அந்தக் காசில் ரிப்பன் வாங்கினார்கள், ஸ்டிக்கர் பொட்டு வாங்கினார்கள். எனக்கு அவர்கள் மேல் தாங்க முடியாத பொறாமை. ஒரு நாள் நானும் போய் வட்டத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைக் கையில் எடுத்தேன். அம்மா எங்கிருந்து பார்த்தாளோ, வந்து காதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"ஒத்தக் குழாயத் தொட்ட, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்றாள். பிறகு அந்த வீட்டுக்காரியிடம் திரும்பி, "எம்மகள இதுல ஒக்கார விடாதீக மதினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

அவளுக்கு என் மேல் இரக்கமே இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். பிள்ளைக்கு ஒரு ரிப்பன் கிடைத்தால் இந்த அம்மாவுக்கு என்ன போகிறது என்று இரவு முழுவதும் விசும்பினேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் ஒரு செய்தி சொன்னார். சென்னையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்து சேவைக்குழு மாணவர்கள் வருகிறார்கள். நமக்கெல்லாம் புத்தகப் பை கொடுக்கப் போகிறார்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் நம் வயதுப் பிள்ளை ஒன்று எழுதிய கடிதம் இருக்கும். அன்றில் இருந்து ஒரு வாரம் பாடம் நடக்கவில்லை. சேவை என்றால் என்ன என்று நடத்தினார். சேவை வீட்டில் இருந்து தொடங்க வேண்டும், அம்மாவுக்கு உதவுகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்றார். நாங்கள் சத்தமாகத் திருப்பிச் சொன்னோம். எனக்குக் கணீரென்ற குரல் என்பதால் நன்றியுரை என் தலையில் விழுந்தது.

கடைசி நாளில் இன்னொன்றும் சொன்னார். எல்லோரும் பழைய யூனிஃபார்மில்தான் வர வேண்டும். பொம்பளைப் பிள்ளைகள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நிற்கக் கூடாது. வருகிறவர்கள் பார்த்தால் உதவி செய்யத் தோன்ற வேண்டும். இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் குடை எடுத்து வாருங்கள் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். நாங்களும் சாதாரணமாகத் தலையாட்டினோம். அதை நினைத்தால் இப்போது அவரைவிட எங்கள் மேல்தான் கோபம் வருகிறது. அத்தனை பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. "வாங்கப் போறவ வக்கத்தவ மாதிரிதான் போயி நிக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, புது யூனிஃபார்மைத் துவைத்து, சொம்பில் கங்கு போட்டுத் தேய்த்து மடித்துவைத்தாள். கனகாம்பரமும் கட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரவு சாப்பிடும்போது திடீரென்று அப்பாவிடம் கேட்டாள்: "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து நம்ம பிள்ளைக்குப் பை குடுக்குதுக. நம்ம அதுகளுக்கு என்ன குடுக்க?"

இது எங்கள் பக்கத்துப் பழக்கம். பக்கத்து வீட்டில் இருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி பாசிப்பயறாவது நாலு வற்றலாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கிண்ணத்துக்கே அப்படியென்றால் சென்னையில் இருந்து வருகிற பைக்கு எப்படி இருக்கும். அம்மா யோசித்து முடிவுக்கு வந்துவிட்டாள், பட்டாசுப் பெட்டி கொடுப்பது என்று.

தீபாவளிக்குக் கம்பெனியில் வேலையாட்களுக்கு ஆளுக்கொரு கிப்ட் பாக்ஸ் கொடுப்பார்கள். பல வகைப் பட்டாசு அடுக்கி, பளபளக்கிற தாள் சுற்றிய பெட்டி. எங்கள் வீட்டில் அதை நாங்கள் பிரித்ததே கிடையாது. நாங்கள் வெடிப்பதெல்லாம் திரி சரியில்லை, தாள் கிழிந்துவிட்டது என்று கழித்துக்கட்டிய பட்டாசுகள்தான். நல்ல பெட்டி ஒவ்வொரு வருஷமும் தென்காசியில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போகும். வருஷம் முழுக்க வாங்கியே பழகிய எங்கள் குடும்பம், எடுத்துக் கொடுத்து நிமிர்ந்து நிற்கிற ஒரே பொருள் அந்தப் பெட்டி.

"மச்சான் கேட்டா என்ன சொல்லுவ?" என்று அப்பா கிண்டல் செய்தார்.

"ஒரு வருசம் அவன் வெடிக்காட்டி தீபாவளி நின்னு போயிராது" என்றாள் அம்மா. மறுநாளே போர்மேனிடம் சொல்லி, தன் பங்குப் பெட்டியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவர்கள் வந்த அன்று சீசன் உச்சத்தில் இருந்தும் அம்மா அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். இன்னும் நாலைந்து அம்மாக்கள் வந்திருந்தார்கள். மஞ்சள் பைக்குள் பெட்டியை வைத்துக்கொண்டு பின்னால் சுவரோரம் நின்றாள். என் பூவையும் யூனிஃபார்மையும் பார்த்துத் தலைமையாசிரியர் பல்லைக் கடித்தார். ஆனால் நன்றியுரை நான்தான் என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெள்ளை டீ ஷர்ட் போட்ட பிள்ளைகள் வேனில் இருந்து இறங்கி வரிசையாக நின்றார்கள். அவர்களை அழைத்து வந்த டீச்சர் நல்லவர் மாதிரிதான் இருந்தார். இப்போது யோசித்தாலும் அவர் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. முதலில் அவர்கள் ஒரு உறுதிமொழி எடுத்தார்கள். இந்தத் தீபாவளிக்கு நாங்கள் பட்டாசு வெடிக்க மாட்டோம், அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுவோம் என்று கையை நீட்டிச் சொன்னார்கள். பின்னால் நின்ற அம்மாக்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தி மட்டும், "இதுக வெடிக்கலேன்னா நமக்கு எங்கன இருந்துட்டி வேலை வரும்?" என்று முணுமுணுத்தாள். மற்றவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு என் வயதிலேயே ஒரு பெண் பை கொடுத்தாள். நீல நிறம், இரண்டு ஜிப், பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு வலை. அதுவரை நான் உரக்கடையில் கொடுத்த துணிப்பையில் புத்தகம் கொண்டுபோனவள். அந்தப் பையின் புது வாசம் இன்னும் எனக்கு மூக்கில் இருக்கிறது. அவளும் நானும் பையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, படம் எடுத்தார்கள்.

பிறகு நன்றியுரை. தப்பில்லாமல் ஒப்பித்தேன். முடித்ததும் அம்மா முன்னால் வந்து பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் காட்டினாள். நான் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். அவள் கண் விரிந்ததை நான் பார்த்தேன். எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது. கையை நீட்டியவள் சட்டென்று திரும்பித் தன் டீச்சரைப் பார்த்தாள். கை கீழே இறங்கிவிட்டது.

டீச்சர்தான் சிரித்த முகத்தோடு வந்து பெட்டியை வாங்கி மேசையின் ஓரத்தில் வைத்தார். மைக்கோடு என் பக்கத்தில் மண்டி போட்டார்.

"இதை யாரும்மா செஞ்சது?"

"எங்கம்மா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"நீயும் அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணுவியா கண்ணா?"

ஒரு வாரமாக நாங்கள் கத்திக் கத்திப் படித்த பாடம் இது. அம்மாவுக்கு உதவுகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை. இல்லை என்று எப்படிச் சொல்வது. தலைமையாசிரியரும் சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினார். "ஆமா" என்றேன்.

"என்ன வேலை செய்வே?"

"குழாய் சுருட்டுவேன். திரி செருகுவேன்."

இதைச் சொன்னபோது என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் இல்லை. தெருவில் வட்டமாக உட்கார்ந்து குழாய் சுருட்டுகிற பிள்ளைகளோடு சேர வேண்டும் என்று அவ்வளவு நாள் ஏங்கியவள் நான். அன்றைக்கு மைக்கில் சேர்ந்துவிட்டேன். திரி எப்படிச் செருகுவது என்று விரலை அசைத்தும் காட்டினேன்.

"கை வலிக்குமாடா?"

"வலிக்கும்."

டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. வெள்ளை டீ ஷர்ட் பிள்ளைகள் கை தட்டினார்கள். கேமராக்காரர் என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்காதே பாப்பா, சிரிக்காதே என்று சொல்லிப் படம் எடுத்தார். அவ்வளவு பேர் என்னைப் பார்த்துக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அம்மா எப்படி நின்றாள் என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் எங்கள் ஊரில் இல்லாமல் இல்லை. என் வகுப்பிலேயே இரண்டு பேர் சீசன் வந்தால் வர மாட்டார்கள். அன்றைக்கும் வரவில்லை, எங்கே இருந்தார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் தேடி யாரும் போகவில்லை. யார் யார் வரவில்லை என்று கேட்கக்கூட இல்லை. பூ வைத்து, தேய்த்த சட்டை போட்டு, மைக்கில் பேசத் தெரிந்த பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வேன் ஏறிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் பங்குப் பைகளும் அலுவலக பீரோவுக்குள் போயின.

வேன் போன பிறகு பார்த்தால், பெட்டி அதே மேசை ஓரத்தில், டீ குடித்த பேப்பர் கப்புகளுக்கு நடுவில் இருந்தது. அம்மா அதை எடுத்து, மேலே ஒட்டியிருந்த டீயை முந்தானையால் துடைத்து, மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் நான் பையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

நான்கு நாள் கழித்துப் பேப்பரில் என் படம் வந்தது. சிரிக்காமல் நின்ற படம். பட்டாசுத் தொழிலில் இருந்து மீண்டு பள்ளிக்கு வந்த சிறுமி என்று கீழே எழுதியிருந்தார்கள். ஊர்ப் பெயரும் போட்டிருந்தார்கள். டீக்கடையில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அன்று சாயந்தரம் வேன் வருவதற்கு முன்பே போர்மேன் வண்டியில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். "ஒன்னத் தப்பாச் சொல்லலத்தா. பிள்ளைகள வேலைக்கு வச்சிருக்கமான்னு பாக்க ஆபீசருக வந்தா மொதல்ல ஒம்பேரத்தான் கேப்பாக. தீபாவளி முடியட்டும், பெறகு பாத்துக்கிருவோம்" என்றார். சீசன் முடிய மூன்று வாரம் இருந்தது. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை துணி எடுப்பதும் வீட்டுக் கூரை மாற்றுவதும் அந்த மூன்று வாரத்து ஓவர்டைமில்தான்.

அப்பா சிரிக்கப் பார்த்தார். "எம்பொண்டாட்டிய ஒரே சொல்லுல வீட்டுல ஒக்கார வச்சுட்டாளே எம்மக" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. என்னை உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏட்டி, நான் ஒன்ன எப்பயாச்சும் அதத் தொட விட்ருக்கனா?"

இல்லை என்று தலையாட்டினேன். வேலை போன பயத்தில் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஆபீசர் வந்து கேட்டால் சொல்வதற்கு என்னைத் தயார்ப்படுத்துகிறாள் போல என்றுதான் பட்டது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகிற நேரத்துக்கு, நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நீலப் பையை அவளே தோளில் மாட்டிக்கொண்டாள். தலைமையாசிரியர் அறையில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"சார், எம்மக இந்த வருசம் எம்புட்டு நாளு லீவு போட்டுருக்கா? பாத்துச் சொல்லுங்க."

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க சார்."

அவர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஜூனில் இல்லை. ஜூலையில் இல்லை. ஆகஸ்டில் மூன்று நாள். "அப்ப அம்மை போட்டுருந்துச்சு" என்றாள் அம்மா. செப்டம்பரில் இல்லை. போன வருஷத்தையும் கேட்டாள். அதற்கு முந்தின வருஷத்தையும் கேட்டாள். அவர் எரிச்சலோடு பீரோவைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்து வாசித்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவர் விரல் போகிற கட்டங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னல் வழியாக என் வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத அப்பிடியே அந்தப் பேப்பர்க்காரகளுக்கு எழுதுங்க சார். எம்பிள்ள எந்த ஆபீசுக்கும் போனதில்லன்னு எழுதுங்க."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்கம்மா. நம்ம பொம்பளப் பிள்ளைக ஒண்ணுக்குப் போகக் காட்டுக்குப் போகுதுக. அந்த ஸ்கூல்காரக கக்கூஸ் கட்டித் தாரோம்னு சொல்லியிருக்காக. ஒங்க மக பேசுனதக் கேட்டுட்டுத்தான் சொன்னாக. இப்பப் போயி அது பொய்யின்னு நான் எழுதுனா கட்டுவாகளா? நீங்களே சொல்லுங்க. ஒங்க மகளுக்கும் சேத்துத்தான கேக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. பிள்ளைகள் ஒதுங்க நாலு சுவர் வேண்டுமென்றால் ஒரு பிள்ளை மைக்கில் கை வலிக்கிறது என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாத ஊருக்கு எதுவும் வராது. கொடுக்கிற கைகளுக்கு இதுகூடத் தெரியாதா, அல்லது தெரிந்துதான் செய்கிறார்களா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

"கட்டட்டும் சார். எம்மக பேரச் சொல்லிக் கட்ட வேண்டாம்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பைத் திறந்தாள். என் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இடுப்பில் செருகியிருந்த பழைய துணிப்பைக்குள் போட்டாள். காலிப் பையை அவர் மேசை மேல் வைத்தாள். பையின் மோகத்தில் நான் பிரிக்காமலே விட்ட கடிதம் முன் ஜிப்புக்குள்ளேயே இருந்தது. அந்தப் பெண் எனக்கு என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குக் கடைசி வரை தெரியாமல் போயிற்று.

கழிப்பறையைக் கட்டத்தான் செய்தார்கள், அடுத்த கோடையில். கல்வெட்டில் பத்துப் பதினைந்து பெயர்கள் இருந்தன. தொட்டிக்குத் தண்ணீர் வரவே இல்லை. நான் ஊரை விட்டு வருகிறவரை நாங்கள் காட்டுக்குத்தான் போனோம்.

அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. பையை வைத்துவிட்டு அம்மா வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பை எனக்குக் கொடுத்தது, நான் நன்றியுரை சொல்லி வாங்கியது, அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு என்ன உரிமை என்று கத்தினேன். அம்மா என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் உழுது போட்ட காடு. கம்பெனி வேன்கள் எல்லாம் போய்விட்ட நேரம், ரோட்டில் ஒரு ஆள் இல்லை.

பாதி வழியில் நின்றாள். குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, ஒரே ஒரு தடவ சொல்லு. நான் அந்த வேலையச் செஞ்சதே இல்லன்னு சொல்லு. மைக்குல சொன்னேல, அதே மாதிரி சத்தமாச் சொல்லு."

"யாருகிட்ட சொல்ல? இங்கன யாருமே இல்லையே" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லுத்தா. நான் கேக்கணும்."

ஊரே அறிந்த ஒன்றை, அவளே கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்த ஒன்றை, எதற்காக என் வாயால் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எட்டு வயதில் இருந்து அந்த விரல்கள் செய்த வேலைக்கெல்லாம் அவளுக்கென்று மிஞ்சியது நான் அதைத் தொடவில்லை என்கிற ஒன்றுதான். அதைத்தான் நான் கைதட்டலுக்காக மைக்கில் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அம்மாவுக்கு என்னிடம் இருந்து ஏதோ வேண்டியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் எனக்கு வேண்டியதை வாங்கிவிடலாம்.

"பைய வாங்கிக் குடு. சொல்றேன்" என்றேன்.

அம்மா நிமிர்ந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்றைக்கு மறுபடி கேட்கவில்லை, அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தாள், என்றைக்கும் அதைக் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.